பூங்காவனம் அறுத்த சுவர்

மலாயாவில், காஜா பெராங்கில் நகராட்சித் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் ஒன்று இருந்தது. பத்து அறைகள். ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒரு கதவு. பின்பக்கம் பலகைச் சுவர். ஜன்னல் கிடையாது. நாலாவது அறையில் பூங்காவனம், கணவன் நடராஜனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருந்தாள். கடலூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். தெருக் கூட்டும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது.

1956இல் நடராஜனுக்குச் சயரோகம் கண்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் ஊசி போட்டு, உடம்பு தேறி வந்தான். மூன்றே மாதத்தில் பழையபடி இருமல். அதற்குள் பக்கத்து அறை ருக்மணி இரத்தம் கக்கிச் செத்துப்போனாள்.

நோயாளிகளைப் பார்க்க மாதாமாதம் லயத்துக்கு வரும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தேவதாஸைப் பூங்காவனம் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஐயா, ரெண்டு ஓரத்து ரூமுலயும் பலகை உளுத்து ஓட்டையாக் கெடக்கு. பாவப்பட்ட ரூமுன்னு எல்லாரும் சொல்வோம். அங்க யாரும் இருமுறதில்ல. நடுவுல இருக்கிற எட்டு ரூமுல அஞ்சு ரூமுல இருமுறாங்க. ஏன்யா?"

தேவதாஸ் திரும்பி, அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்து வருடமாக இங்கே வருகிறார். நோயாளிகளை எண்ணியிருக்கிறார், அறைகளை எண்ணியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரம்பத்தை இரவல் வாங்கிப் பின்சுவரை அறுத்தாள். காத்துப் பட்டால் இருமல் கூடும் என்று அக்கம்பக்கத்தார் பயந்தார்கள். தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர் அப்பாசாமி ஓடிவந்தார்.

"நகராட்சி சுவரும்மா! வேலை போயிரும்!"

"போகட்டுங்க. எங்க வீட்டுக்காரரு மூச்சு நிக்கக் கூடாது."

பலகை விழுந்தது. அந்த அறை கட்டிய நாள்முதல் பார்த்திராத வெயில், பாயின்மேல் வந்து விழுந்தது. திட்ட வந்த மண்டோர், விழுந்த பலகையைத் தூக்கி ஓரமாகச் சாத்தினார். ஒரு மாதத்துக்குள் இன்னும் ஆறு சுவர்களில் ரம்பம் ஏறியது.

தேவதாஸ் எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பினார். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், 1958இல், ஓர் இன்ஜினியர் அளவுநாடாவோடு வந்தார். ஜன்னலை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று உதவியாளரிடம் கேட்டார். தெரு கூட்டிக்கொண்டிருந்த பூங்காவனத்தைத் தேவதாஸ் கூப்பிட்டார்.

"படுத்திருக்கிறவன் மூஞ்சியில காத்துப் படணும்" என்றாள் அவள்.

இன்ஜினியர் மேலே பிடித்திருந்த அளவுநாடாவை இறக்கினார். பிறகு குனிந்து, சுவரில் இடுப்புக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

இரண்டாம் முறை சிகிச்சை முடித்து வந்த நடராஜனுக்கு இருமல் திரும்பவில்லை. அதன்பிறகு பதினெட்டு வருடம் ரோட்டு வேலை பார்த்தான்.