மாதிரிக்கு வந்த வாட்டர் பம்ப்

பழைய கார் இன்ஜினுக்குச் சாமான் விற்கிறவள் வாயைத் திறக்கவே பயப்பட வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற நான் இந்தக் கதையையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். கடையில் உட்கார்ந்து அல்லாடியவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

இரண்டு கட்சி

காளி கோயில் இருக்கிற காளிகாட்டில்தான் எங்கள் கடை. இது தொண்ணூறுகளில் நடந்தது. கோஷ் பாபு, ரிட்டயரான வாத்தியார். தன் அப்பாவின் காருக்கு அதே கம்பெனியின் புதுச் சாமான்தான் வேண்டும் என்பார். எதிர்ச் சந்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஹாருதா நேர் எதிர். பழசையே கடைந்து, பற்றவைத்து ஓட்டிவிடலாம் என்பார். இருவரும் எங்கள் வாசலில் சந்தித்தால் எனக்குப் படபடக்கும்.

"ஒட்டுப்போட்ட இன்ஜின் ஒரு இன்ஜினா?" என்றார் கோஷ் பாபு ஒருநாள்.

"உங்க வாயில இருக்கிற பல்லு ஒரிஜினலா பாபு? அதுல லூச்சிப் பூரி நல்லாத்தானே மெல்றீங்க?"

மாதிரி

எங்கள் தொழிலில் பெயரை நம்பிச் சாமான் எடுக்க மாட்டோம். பழசைக் கழற்றி, மாதிரிக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும். அதைப் பார்த்து ஜோடி தேடுவோம். கோஷ் பாபு ஒழுகுகிற வாட்டர் பம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாப்பிள்ளையை அழைத்துவர அந்தக் கார்தான் போக வேண்டுமாம்.

"பத்திரம் பௌதி," என்று அண்ணி முறை வைத்துச் சொன்னார். "இது போச்சுன்னா புதுசு தேடவும் வழியில்ல, இதே மாதிரி செய்யவும் வழியில்ல."

போனது

மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் துணி மட்டும் கிடக்கிறது. பழைய ஸ்டாக் என்று நினைத்து என் வீட்டுக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர் பெஹாலா பேட்டைக்காரர் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

அவர் துணியை எடுத்து உதறினார். "இது இருக்கே, விடு. பாதி பத்திரமாத்தானே இருக்கு."

வந்தது

அதன்பின் கோஷ் பாபு வரும்போதெல்லாம் டீ கொடுத்து, "தேடுகிறோம்" என்று மென்று விழுங்கினேன். கல்யாணம் நெருங்கியபோது ஹாருதா வந்து மேஜையில் ஒரு பம்பை வைத்தார். அதே பம்ப்! பெஹாலாக்காரர் அதை அவரிடம்தான் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார். புது ஷாஃப்டும் புஷ்ஷும் போட்டு ஒழுகலை நிறுத்திய பிறகுதான், போல்ட் துளைகள் பெஹாலாக்காரரின் வண்டிக்குச் சேரவில்லை என்று தெரிந்ததாம். அதனால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஹாருதாவிடம் விட்டுப் போயிருந்தார்.

கோஷ் பாபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய துணியிலேயே சுற்றி எடுத்துப் போனார். மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வந்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. பந்தியில் ஹாருதாவுக்கு கோஷ் பாபு தன் கையாலேயே பரிமாறினார்.

"இந்தா, இன்னும் ரெண்டு லூச்சி போட்டுக்க. பல்லைப் பத்தி மட்டும் இனிமே பேசாதே."

பொட்டு

அன்றிலிருந்து மாதிரி வந்ததும் குங்குமப் பொட்டு வைத்து, காளி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். என் வீட்டுக்காரர் உட்பட யாரும் அதில் கை வைப்பதில்லை. ஜோடி கிடைக்காத மாதிரிகளை ரிப்பேருக்கு எடுத்துப் போகிற ஹாருதாதான் போன வாரம் முறையிட்டார்.

"பௌதி, பூஜை போட்ட பம்பை நான் எப்படிச் சுத்தியலால தட்டுவேன்?"

தட்டுகிறாரோ கும்பிடுகிறாரோ, என் வீட்டுக்காரர் விற்காமல் இருந்தால் எனக்குப் போதும்.