அண்ணனின் கிராபிக்ஸ் கார்டு

பழைய கம்ப்யூட்டரை நெடுநேரம் ஓடவிட்டால் அதன் பின்புறத்திலிருந்து சூடேறிய தூசியின் வாடை வரும். செமோர் ஊருக்கு வெளியே இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டில், சாமி படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே ஒரு மேசையில் அமர்ந்து, மாலை முழுவதும் அந்த வாடையைப் பரப்பிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், ஈப்போவில் அம்மா துப்புரவு வேலை பார்த்த அலுவலகத்தில் புதியவை வந்ததும் வேண்டாமென்று கழித்துவிட்ட ஒன்று. கணக்குப் போடவும் கடிதம் அடிக்கவும் பிறந்த அந்தப் பெட்டியில் என் அண்ணன் குமரன் துப்பாக்கிச் சண்டை விளையாட ஆரம்பித்தது, ஓய்வு பெற்ற குமாஸ்தாவைப் பந்து விளையாட இறக்கிவிட்ட கதையாகத்தான் இருந்தது. எதிரி திரையின் ஒரு மூலையில் தலையைக் காட்டுவான், படம் அப்படியே உறைந்து நிற்கும், மறுபடி அசையும்போது அண்ணன் செத்துக் கிடப்பான். இதற்கு அவன் சொன்ன "லேக் அடிக்குது" என்ற சொல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்ட குரலுக்கு அப்பா எழுந்து வராவிட்டால், "உங்கப்பாவுக்கு லேக் அடிக்குது" என்பார் அம்மா.

வீட்டில் சரியாக ஓடாததால் அண்ணன் "சிசி"க்குப் போக ஆரம்பித்தான். கடைவீதியில் ஒரு மாடியில், காசு கட்டி விளையாடுவதற்கென்று இருந்த கம்ப்யூட்டர் கடையைத்தான் பையன்கள் அப்படிச் சொல்வார்கள். அங்கே கருவிகள் எல்லாம் புதியவை, விளையாட்டு தண்ணீர் மாதிரி ஓடும் என்பான். அது மட்டும் என்றால் அப்பா கவலைப்பட்டிருக்க மாட்டார். அந்த மாடிப்படியின் கீழே, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் மோட்டார் சைக்கிள்களைப் போட்டுக்கொண்டு சிலர் எந்நேரமும் உட்கார்ந்திருப்பார்கள். பையன்களுக்குக் குளிர்பானம் வாங்கித் தருவார்கள், "அண்ணே அண்ணே" என்று கூப்பிடப் பழக்குவார்கள், பிறகு ஒரு நாள் "இத மட்டும் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாடா" என்று ஒரு பொட்டலத்தை நீட்டுவார்கள். ரப்பர்த் தோட்டம் கைமாறி, அதன் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு எங்களோடு இங்கே குடிவந்த குடும்பங்களில், அப்படி ஒரு பொட்டலத்தோடு போன பிள்ளைகள் யார் யார் என்று அப்பாவுக்குத் தெரியும். அண்ணன் இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் இருந்தான். நான் ஆரம்பப் பள்ளி.

அப்பா அப்போது ஒரு தொழிற்சாலையில் காவலாளி. திட்டிப் பார்த்தார், அடிக்கக் கை ஓங்கியும் பார்த்தார், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையிடம் அது எடுபடவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "அங்க போயி ஆடறத வீட்டுக்குள்ளயே ஆடட்டும்லா. என் கண்ணு முன்னால இருந்தா எனக்குப் போதும்" என்று அம்மாவிடம் சொன்னார். அந்தப் பெட்டியைச் சரிசெய்ய என்னென்ன வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டார். ஊரில் எந்தத் தகப்பனும் மகனிடம் கேட்காத கேள்வி அது. பிள்ளையை இவரே கெடுக்கிறார் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள்.

ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசோடு, அப்பாவும் அண்ணனும் நானும் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனோம். ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், கழற்றிய பாகங்களைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டுத் தொங்கவிட்டிருந்த சிறிய கடை. கடைக்காரர் ஒல்லியான சீனர். யாரோ விற்றுவிட்டுப் போன நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் படம் நிற்காது, ஆனால் உங்கள் பெட்டியின் பவர் சப்ளை அந்தப் பாரத்தைத் தாங்காது, அதையும் மாற்ற வேண்டும், ரேமும் போதாது என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். அப்பா தமிழில், "ஒண்ணு கேட்டா மூணு விக்கிறான் பாரு" என்று முணுமுணுத்தார். ஆனாலும் வாங்கினார்.

அன்று மாலை அண்ணன் தரையில் பெட்டியைப் படுக்கவைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தி முடித்துச் சுவிட்சைத் தட்டியபோது நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிரி மூலையிலிருந்து ஓடி வந்தான். படம் நிற்கவே இல்லை. அண்ணன் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சில வாரங்கள் எங்கள் வீடு வீடாக இருந்தது. அண்ணனின் கூட்டாளிகள் "மச்சான், நான் வாரேன்" என்று இங்கேயே வந்தார்கள். அம்மா சிராப் பானம் கலக்கிக் கொடுத்தார். சூடு தாங்காது என்று பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றிவைத்து, மேசை விசிறியை அதற்கே திருப்பிவிட்டு, நாங்கள் வியர்வையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா காவலாளி உடுப்போடு அண்ணனின் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்து, "இப்ப செத்தது யாரு, நீயா அவனா?" என்று கேட்பார். "அவன்தான்பா" என்பான். அப்பாவுக்கு அவ்வளவு திருப்தி.

அந்த வாரங்களின் முடிவில் ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்திலிருந்தே அப்பா இந்தப் பூசையைத் தீபாவளியைவிடப் பெரிதாக நினைப்பவர். கத்தியும் பால் வாளியும் போன பிறகு, மோட்டார் சைக்கிளுக்கும் காவலாளியின் டார்ச் விளக்குக்கும் அம்மாவின் சோற்றுப் பானைக்கும் சந்தனம் வைப்பார். அந்த வருடம் கம்ப்யூட்டர்தான் அவருக்கு முதல் ஆயுதம். அண்ணன் குளிக்கப் போயிருந்த நேரம், மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்துப் பெட்டியின் உள்ளேயும் வெளியேயும் துடைத்தார். நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் எடுத்து ஒவ்வொரு பாகத்துக்கும் பொட்டு வைத்து, அதன் நடுவே குங்குமம் இட்டு, எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டைக் கிராபிக்ஸ் கார்டின் மேல் அப்பினார். "இதுதான்மா உங்கண்ணன வீட்டுல வச்சிருக்கு" என்றார். பூசைக்கு வைத்த பொருள் திறந்து கிடக்கக் கூடாது என்று மூடியைப் பொருத்தி, மாலையும் சாத்தினார். குளித்துவிட்டு வந்த அண்ணனுக்கு மாலையும் வெளிப்பொட்டும்தான் தெரிந்தன. பூசை நாளில் ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பதால் அவனும் தொடவில்லை.

மறுநாள் காலையில் அப்பா கோயிலுக்குப் போயிருந்தபோது அண்ணன் சுவிட்சைத் தட்டினான். உள்ளே "டப்" என்று ஒரு சத்தம், பிறகு கருகல் நாற்றம். மூடியைத் திறந்தான். மூடியே கிடந்ததால் சந்தனம் காயாமல் இளகி, கார்டின் பொடிப் பொடியான பாகங்களுக்கு நடுவே இறங்கியிருந்தது. அவன் பழைய பல்துலக்கியை எடுத்துவந்து சந்தனத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தான். "அப்பாகிட்ட வாயத் தொறக்காத. அவரு ஆசையா வச்சதுலா" என்றான். அப்பா வந்ததும், கார்டு தானாகவே கெட்டுப்போய்விட்டது என்று சொன்னான்.

அப்பா கார்டைப் பழைய நாளிதழில் சுற்றி எடுத்துக்கொண்டு, எங்களையும் இழுத்துக்கொண்டு மறுபடி ஈப்போவுக்குப் போனார். கடைக்காரர் கார்டை விளக்கருகே பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பல்துலக்கி எட்டாத ஓர் இடுக்கை நகத்தால் சுரண்டி, அதை முகர்ந்தார். நிமிர்ந்து அப்பாவின் நெற்றியிலிருந்த சந்தனத்தைப் பார்த்தார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற அண்ணன், வேண்டாம் என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினான். கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"பாராங் லாமா, அங்கிள். நசிப் லா" என்றார். பழைய சாமான், விதி என்று அர்த்தம். அதோடு நிற்காமல், வேறொரு கார்டை எடுத்து நீட்டி, காசு வேண்டாம், கொண்டுபோங்கள் என்றார்.

அப்பா அதை வாங்கவில்லை. "ஏமாத்துனவன் கையால மறுபடியும் வாங்கறதா?" என்று தமிழிலும், கேட்கக் கூசும் சொற்களால் மலாயிலும் அவரைத் திட்டினார். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அந்தச் சீனர் தலை குனிந்து நின்றார். எங்களில் யாராவது உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கார்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அண்ணன் அப்பாவைப் பார்த்தான், அந்தக் கார்டைப் பார்த்தான், படியிறங்கிப் போனான்.

வேறு கடையில் பார்க்கலாம் என்றார் அப்பா. அதற்குள் தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் சில நாள் வீட்டுப் பால்கனியில் நின்று எதிரே தெரிந்த சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிசிக்குப் போனான். அப்பாவால் இம்முறை தடுக்க முடியவில்லை. மழைக்காலத்தில் ஒரு மாலை, சாப்பாடு வாங்க அவன் கீழே இறங்கியபோது மாடிப்படியருகே இரண்டு கூட்டத்துக்குச் சண்டை மூண்டிருந்தது. வெட்டுக்கத்தி யாரை நோக்கி ஓங்கியதோ, விழுந்தது என் அண்ணன்மேல். நாளிதழில் அவனையும் குண்டர் கும்பலில் சேர்த்து எழுதினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள், "கேம் ஆடித்தான் கெட்டுப்போனான்" என்றார்கள். அவர்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கார்டில் விளையாடிய வரைக்கும் அவன் வீட்டில்தான் இருந்தான்.

இப்போது நான் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அம்மா போய்விட்டார். அப்பா என்னோடு இருக்கிறார். சென்ற மாதம் அவரைக் கண் பரிசோதனைக்கு ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். சிசி இருந்த மாடியில் இப்போது யாரோ துணி விற்கிறார்கள் என்று கேள்வி. நான் போய்ப் பார்த்ததில்லை. கார்டு வாங்கிய கடை இருந்த கட்டடம் மட்டும் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இருந்தது. மேல்மாடி முழுவதும் கதவடைத்துக் கிடந்தது, சன்னல்களில் கண்ணாடிகூட இல்லை. அந்தச் சீனர் எங்கே போனார் என்று கேட்க அங்கே ஆளும் இல்லை.

பாதிப் பார்வையோடு அப்பா அதை அடையாளம் கண்டுகொண்டு நின்றுவிட்டார். "இந்தக் கடைக்காரன் மட்டும் நல்ல சாமானா குடுத்திருந்தா, என் புள்ள வீட்டுல இருந்திருப்பான்" என்றார். வருடத்துக்குச் சில முறையாவது இதைச் சொல்வார். இதைச் சொல்லித்தான் அவர் தூங்குகிறார், எழுகிறார் என்று எனக்குத் தெரியும். அண்ணன் இருந்தவரை இரண்டு பேர் சுமந்த உண்மையை இப்போது நான் ஒருத்திதான் சுமக்கிறேன்.

"ஆமாப்பா," என்றேன். "அவன்தான்."