பலகையில் ஒட்டிய ஆறு சான்றிதழ்கள்

நடந்தது இதுதான்:

1. அக்கா படித்த கல்லூரி போளூர் பக்கம் இருக்கிறது. அங்கே ஓர் அறையை அருங்காட்சியகமாக மாற்றினார்கள். கபடி, நானூறு மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல் என நான்கிலும் பல்கலைக்கழகப் பரிசு வாங்கியவள் என்று அக்காவின் பொருட்களைக் கேட்டார்கள்.
2. அக்கா யோசித்தாள். நான் வற்புறுத்தினேன்.
3. ஏழு பதக்கங்கள், கபடி ஜெர்சி, ஓட்டக் காலணி, ஆறு அசல் சான்றிதழ்கள் கொடுத்தோம்.
4. ஐந்து மாதம் கழித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு அக்காவைச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்தார்கள். அசல் கட்டாயம்.
5. திருப்பிக் கேட்கப் போனோம்.

நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். எங்கள் மலையூரான ஜமுனாமரத்தூரில் இ-சேவை மையத்தில் வேலை. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று தினமும் பத்துப் பேருக்காவது சொல்கிறவள்.

"ஜெராக்ஸ் குடுத்தா போதாதாடீ?" என்று அக்கா அன்றைக்கே கேட்டாள்.

"ஜெராக்ஸ யாருக்கா நின்னு பாப்பாங்க?" என்றேன்.

அந்தக் கல்லூரி அலுவலகத்தில் எங்களை எப்போதும் "மலையில இருந்தா வர்றீங்க?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் அசல் சான்றிதழ்களில் இருந்த பல்கலைக்கழக முத்திரைகளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பொருட்களின் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு சான்றிதழுக்கும் நேராக 'அசல்' என்று ஆறு முறை அடித்தேன்.

திருப்பிக் கேட்கப் போன அன்று, அலுவலக உதவியாளர் அறையைத் திறந்துவிட்டார். ஆறு சான்றிதழ்களும் ஒரு பிளைவுட் பலகையில் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தன. மேலே வார்னிஷ் பளபளத்தது.

"பூச்சி அரிக்கக் கூடாதுன்னு ரெண்டு கோட்டு அடிச்சோம்மா" என்றார். குரலில் பெருமை இருந்தது.

அக்கா ஒரு மூலையை நகத்தால் நெம்பினாள். தாள் தூளாக வந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"பலகையோட தூக்கினு போய் காட்டட்டா சார்?"

"இன்னாம்மா நீ, பஸ்ல ஏத்துவானா? இதுக்கே தனியா ஒரு சீட்டு கேப்பான்" என்று அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கலாம். அதற்கு, அசல் தொலைந்தது அல்லது சேதமானது என்று கல்லூரி கடிதம் தர வேண்டும். முதல்வரிடம் போனோம்.

"தொலைஞ்சுதுன்னு எப்பிடிம்மா எழுதுறது? அதோ மாட்டியிருக்குதே."

"அப்ப சேதமாயிடுச்சுன்னு எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

"நாங்க பத்திரமா வெச்சிருக்கோம். சேதம்னு எழுதினா நாளைக்கு என்னைத்தான கேப்பாங்க?" என்றவர், மேசையில் இருந்த என் பட்டியலைத் தட்டினார். "நீங்களே ஒரிஜினல்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. நாங்களா கேட்டோம்?"

அசலாக வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லைதான்.

அக்கா நகல்களோடும் பலகையின் புகைப்படத்தோடும் சரிபார்ப்புக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வந்து அவள் என்னைத் திட்டவில்லை. "சோறு இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த வேலையில் வேறொரு பெண் சேர்ந்துவிட்டாள். மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பம் கல்லூரிக் கடிதம் இல்லாமல் கிடப்பில் இருக்கிறது. மூன்று முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அக்கா சாமை அரைக்கும் மில்லில் மூட்டை தைக்கிறாள். அடுத்த ஆண்டோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது.