பெரியம்மா சொல்லாத வார்த்தை

என் நாவலின் நான்காம் அத்தியாயத்தை ஒன்பதாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பதிப்பகத்தில் என் கைப்பிரதியைப் பார்க்கும் அம்மையார் நல்ல வாசகி, கறாரானவர். மழை வர்ணனையை வெட்டச் சொன்னார், வெட்டினேன். ஏலத்தோட்டத்தைப் பற்றிய மூன்று பக்கங்களைக் கால் பக்கமாக்கச் சொன்னார், மனசில்லாமல் ஆக்கினேன். ஒரே ஒரு வாக்கியத்தின் கீழே மட்டும் பச்சை மையில் கோடு போட்டு, இதைத் தொடாதீர்கள், அத்தியாயமே இதில்தான் நிற்கிறது என்று எழுதியிருந்தார். ஒன்பது தடவையும் நான் எடுத்துவிடப் பார்த்த வாக்கியம் அது. அதை நான் பத்து வயதில் எழுதினேன். எழுதினேன் என்றா சொன்னேன், வாயால் சொன்னதுதான்.

கேரள மலையில், உடும்பஞ்சோலைப் பக்கம் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி ஜீப் ஓட்டினார். காலையில் பெண்களைச் சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர் வருவார்கள். அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. என் பள்ளிக்கூடம் அந்த வழியில் இருந்ததால் சாயங்காலம் என்னையும் ஏற்றிக்கொள்வார். எனக்கு முன்சீட்டு, நட்டநடுவில். எனக்கு அந்தப் பக்கம் ஓரத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மா உட்காருவார். சொந்தமில்லை. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா. அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு. நாவலில் அவளுக்கு இதுவரை நான்கு பெயர்கள் வைத்து மாற்றிவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை.

அன்று அவள் காய்ச்சலென்று பள்ளிக்கூடம் வரவில்லை. நல்ல மழை. ஜீப்பின் பின்பக்கம் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வேறொரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்குத்தான் அடுத்த தோட்டத்து டிரிப் கிடைக்கும் என்பதால், சாயங்காலமானால் ஜீப்காரர்களுக்குள் போட்டிதான். எனக்கு அது கொண்டாட்டம். "முந்து மாமா, முந்து!" என்று குதித்தேன். பெரியம்மா என் நெஞ்சுக்குக் குறுக்கே கையைப் போட்டு என்னைச் சீட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மெல்லப் போ தம்பி, பிள்ளை உக்காந்திருக்கு" என்றார்.

மாமா முந்தினார். அடுத்த வளைவில் வண்டி சறுக்கி, மண்மேட்டில் மோதிக் கவிழ்ந்தது. பின்னால் இருந்தவர்கள் சின்னச் சின்ன அடிகளோடு தப்பித்தார்கள். மாமாவுக்குக் கை முறிந்தது. எனக்கு உதட்டில் ஒரு கீறல். ஓரத்தில் இருந்த பெரியம்மா வெளியே விழுந்து வண்டிக்கடியில் அகப்பட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

படுதா மூடியிருந்ததால் பின்னால் இருந்த யாரும் எதையும் பார்க்கவில்லை, மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவுமில்லை. பார்த்தது நான் ஒருத்திதான். என்னையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துவரச் சொல்லி ஆள் வந்தது. மாமாவுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவன் ஜெயிலுக்குப் போனால் எல்லாம் போச்சு என்று அம்மா ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள்.

ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய நாள் காலையில், அடுப்படியில் வைத்து அப்பா எனக்கு ஒத்திகை பார்த்தார். ஒத்திகையில் அவர்தான் போலீஸ் அதிகாரி. பால் விடாத கட்டன்சாயா கிளாசை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்லு என்றார். நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

"முந்து முந்துன்னு நீ கத்துனத எதுக்குடி சொல்ற? அத எடுத்துரு" என்றாள் அம்மா. எடுத்தேன்.

"அவுங்க மெல்லப் போன்னு சொன்னதையும் விட்டுரு. சொல்லியும் கேக்காம ஓட்டுனான்னு ஆயிரும்" என்றார் அப்பா. விட்டேன்.

மழையும் வளைவும் கவிழ்ந்த வண்டியும்தான் மிச்சம். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் வழுவழுப்பாக வந்தது. என் கைப்பிரதிகளுக்கு இன்றைக்கு நடப்பதும் இதுதான்.

கடைசியில் அப்பா குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டார். "வேகமா வந்ததுக்கு ரோட்டுல தடம் கெடக்கே. அம்புட்டு வேகம் எதுக்கு?"

அதிகாரி கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி. கேட்ட அப்பாவே திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். மாமா கட்டுப்போட்ட கையோடு சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பெரியம்மாதான் சொன்னாங்க" என்றேன் நான். "பிள்ளை காச்சலோட கெடக்கு, கொஞ்சம் வெரசாப் போ தம்பின்னு."

யாரும் சொல்லித்தரவில்லை. தானாகவே வந்தது. காய்ச்சல் உண்மை. தம்பி என்று அவர் கூப்பிட்டது உண்மை. பிள்ளை என்றதும் அவர் வாயிலிருந்து வந்ததுதான், ஆனால் அது என்னைச் சொன்னது. வேகம் மட்டும் என்னுடையது. அதை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் எழுதியும் இவ்வளவு கச்சிதமாக இன்னொரு வாக்கியம் எனக்கு வரவில்லை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது பொய் என்று அடுப்படியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் முதலில் சொன்னதைக் கேட்டவர்கள்தானே. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழத் தொடங்கினார்.

"இதச் சொல்லு. இது போதும்" என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஸ்டேஷனில் நான் தமிழில் சொல்லச் சொல்ல, அதிகாரி மலையாளத்தில் எழுதிக்கொண்டார். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் மொழிபெயர்ப்பு. அந்த வாக்கியம் வந்ததும் பேனாவை நிறுத்தி, "பாவம்" என்றார். மாமா ஜெயிலுக்குப் போகவில்லை. கல்யாணமும் குறித்தபடி நடந்தது. ஜீப்பை மட்டும் அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை.

வாக்கியம் எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டில் துக்கம் கேட்க வந்த பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். "கடைசி நேரத்துலயும் மகளத்தான் நெனச்சிருக்கா, பாரு." அந்த மகள் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் பள்ளிக்கூடம் வந்த அன்று, மத்தியானம் குழாயடியில் சோற்று டப்பாவைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"அம்மா எனக்காகவா வெரசாப் போகச் சொன்னுச்சு?"

பாவம், அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். "ஆமா. உனக்காகத்தான்" என்றேன். அவள் தலையாட்டினாள். கழுவிய டப்பாவையே திரும்பவும் கழுவினாள்.

இப்போது அவள் மலைக்குக் கீழே கம்பத்தில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். என் போனில் அவள் நம்பர் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்திலும் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, பெரியம்மாவை "மெல்லப் போ தம்பி" என்று சொல்லவைக்கிறேன். பழையதே நன்றாக இருந்தது என்று அம்மையார் திருப்பி அனுப்புகிறார். காகிதத்தில் திருத்துவது பெரிய காரியமில்லை. திருத்தவேண்டிய இடம் கம்பத்தில் இருக்கிறது. போனை எடுக்கிறேன். மாமா இருக்கும்வரை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லி வைத்துவிடுகிறேன். நான் கோழை. அவளிடம்தான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்குள் இதை ஒத்துக்கொண்டாயிற்று.

அந்த வருஷம் முழுக்க அவள் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. ஒருநாள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் கை என்மேல் பட்டது, அனலாய்க் கொதித்தது. டீச்சர் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். "எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர், எங்க வீட்டுக்குச் சொல்லிவிட்டுறாதீங்க, யாராச்சும் வெரசா வந்துருவாங்க" என்று கெஞ்சினாள். ஒருநாளும் தவறாமல் வருகிறவர்களுக்குப் பரிசு உண்டு, அதற்குத்தான் இந்தப் பாடு என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ஆண்டு விழாவில் அந்தப் பரிசு அவளுக்குத்தான் கிடைத்தது, ஒரு எவர்சில்வர் டம்ளர். அவள் மேடையேறி அதை வாங்கியபோது, எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியது நான்தான்.