வாளிக்குள் போட்ட கடல் அட்டை

இரண்டு வருடங்களுக்கு முன், செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். திருக்கோகர்ணத்தில் குடியிருக்கும் விலங்கியல் ஆசிரியன் நான். பள்ளி ஆய்வகத்தில் நட்சத்திர மீன் இனமான முட்தோலிகளுக்குரிய பாட்டில்கள் காலியாக இருந்ததால், ஒரு வாளியோடு ஜெகதாப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன்.

கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, கழிவிலிருந்து நட்சத்திர மீன், நொறுங்கு நட்சத்திரம், கடல் அர்ச்சின் மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். முட்தோலிகளில் மொத்தம் ஐந்து பிரிவுகள். கடல் அல்லி கிடைப்பது கஷ்டம். நான்காவதான கடல் அட்டை அவர் பக்கத்துச் சட்டியிலேயே உயிரோடு கிடந்தது. பார்க்க வழவழவென்று இருந்தாலும், தோலுக்குள் சுண்ணாம்புத் துகள்கள் இருப்பதால் அதுவும் முட்தோலிதான். எனக்குக் கை பரபரத்தது.

“அது மட்டும் வேணாம் சார், திருப்பிக் கடல்லயே விடப்போறோம்” என்றார் அக்கா. ஏதோ அவர்கள் நம்பிக்கை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் ஐஸ் அள்ளப் போன நேரம் பார்த்து அதை எடுத்து வாளிக்குள் போட்டுவிட்டேன். வாத்தியார் செய்கிற வேலையா அது? போதாக்குறைக்கு, கரையிலேயே வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டேன்.

திரும்பி வந்த பஸ் மீமிசலைத் தொடும்போது உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் போன் செய்தார். “சார், கடல் அட்டை, கவர்மெண்டு பிடிக்கத் தடை பண்ணுன உயிரினம். வச்சிருந்தாலே கேஸு. பின்னாடி ஒரு அம்மா முகமும் படகு நம்பரும் பளிச்சுனு தெரியுது, பாத்தீங்களா?”

உடனே ஸ்டேட்டஸை அழித்தேன். அதற்குள் பதினேழு பேர் பார்த்திருந்தார்கள். அங்கேயே இறங்கி ஆட்டோ பிடித்தேன். என் வேலை போனால் அது நான் தேடிக்கொண்டது. அந்த அக்கா என்ன பாவம் செய்தார்? அட்டை அசைகிறதா என்று வழியெல்லாம் வாளியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நடந்ததைச் சொன்னதும் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “எங்க வீட்டுக்காரரு இலங்கை ஜெயில்லேருந்து வந்து ஒரு மாசம் ஆகல சார். இங்கிட்டும் ஒரு கேஸுன்னா நாங்க எங்க போவோம்? படிச்ச மனுசன் இப்புடிச் செய்யலாமா?” என்றவர், வாளியைப் பிடுங்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதை விட்டுவிட்டு வந்தார். வெறும் வாளியை என் காலடியில் வைத்துவிட்டு மீன் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

பல நாட்கள் போன் அடித்தாலே எனக்குத் திக்கென்றது. நல்லவேளை, யாரும் அவரைத் தேடிப் போகவில்லை.

ஆய்வக அலமாரியில் இப்போதும் மூன்று பாட்டில்கள்தான். நான்காவது இடத்தில் நானே வரைந்த கடல் அட்டைப் படம் ஒட்டியிருக்கிறது. கேள்வி கேளுங்கள் என்று பிள்ளைகளைத் தினமும் நச்சரிக்கிற நான், அன்று அந்த அக்காவிடம் ‘ஏன் வேண்டாம்?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று, அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கூனிக்குறுகிப் போகிறேன்.