செல்லம்மாவுக்குச் சுரம் வரவில்லை

பக்கத்து வீட்டுச் செல்லம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. மலைமேல் எங்கள் நெல்லிவாசல்நாட்டில் சாமைக்கொல்லைக்குக் களை எடுக்க முதல் ஆளாகப் போவாள். யாராவது சோம்பி உட்கார்ந்தால் வாயாலேயே எழுப்பிவிடுவாள். மூட்டுவலி வந்தபோதும் ஓயவில்லை. சந்தையில் ஒருவன் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்கினாள். வலி போனது, முகம் உப்பியது. சதை போட்டுவிட்டாள் என்று நாங்கள் கேலி செய்தோம்.

இந்த ஆடியில் களைக்கொத்து அவள் காலில் பட்டது. காயம் கறுத்தது, ஆனால் சுரம் இல்லை. அவள் கணவர் சின்னராசு தினமும் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சில்லென்று இருக்கும். நிம்மதியாகக் கொல்லைக்குப் போவார். உடம்பு சுட்டால்தான் எங்களுக்கு நோய்.

பிறகு அவள் பேச்சு மாறியது. பட்டப்பகலில் வெறும் மூலையைப் பார்த்து, செத்துப்போன தன் அம்மாவைச் சாப்பிடச் சொன்னாள். குரலில் பதற்றமே இல்லை.

அன்றே ஜீப்பில் ஏற்றினோம். சுரக்காரர் ஏறினால் ஆள் சேரக் காத்திருக்காமல் வண்டியை எடுப்பது எங்கள் மலை வழக்கம். ஓட்டுநர் மணிவேல் அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தான். சுடவில்லை. இன்னும் நாலு பேர் வரட்டும் என்றான். சின்னராசுவும் தலையாட்டினார்.

செல்லம்மா காலி இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வண்டிதான் ரொம்பிடுச்சே. இன்னும் யாருக்கோசரம் நிக்கிறீங்க?"

ஜீப் கிளம்பியபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூச்சு அடங்கியிருந்தது. உப்பிய முகத்தைப் பார்த்து மாத்திரை பற்றி விசாரித்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கிருமி நுழைந்தால் ரத்தத்தில் உள்ள காவல் அணுக்கள் மூளைக்குச் சேதி அனுப்புமாம். மூளை உடம்பைச் சூடாக்குமாம். குளிர்நடுக்கம் எடுப்பதுகூட அந்தச் சூட்டை ஏற்றத்தானாம். செல்லம்மா விழுங்கிய மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்திருக்கும், அது காவலையும் முடக்கி, சேதியையும் அமுக்கிவிட்டது, கால் காயத்தில் நுழைந்த கிருமி சுரமே இல்லாமல் ரத்தமெல்லாம் பரவிவிட்டது என்றார். அந்த மாத்திரைக்காரன் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

சின்னராசு எதையும் காதில் வாங்கவில்லை. அவள் நெற்றியில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

"அவ செத்துட்டாளாம். நீங்களே தொட்டுப் பாருங்க," என்றார் என்னிடம். "தெனமும் இப்டியேதாங்க இருந்தா."