நான் இணைத்த நியமன உத்தரவு

என் மகன் அரியலூரில் ஒரு கிளப்பில் டென்னிஸ் மார்க்கராக இருந்தான். மார்க்கர் என்றால் சம்பளத்துக்கு ஆடுகிறவன். சாயங்காலம் ஆட வரும் டாக்டருக்கோ தாசில்தாருக்கோ ஜோடி இல்லாவிட்டால் அவன் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். காலையில் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்பால் கோடு போடுவதும் அவன் வேலைதான்.

நான் பெரம்பலூரில் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அவன் அப்பா போனபிறகு அவனை அரியலூரில் நாத்தனார் வீட்டில் தங்கவைத்துப் படிக்க வைத்தேன். அங்கேதான் இந்த ஆட்டம் பிடித்துக்கொண்டது. கிளப்பின் பழைய மார்க்கர் யுத்தத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்துவிட, பள்ளிப் படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்த இவனைச் சும்மா வந்து ஆடச் சொன்னார்கள்.

"பந்து பொறுக்கவா அண்ணி எஸ்.எஸ்.எல்.சி. படிக்க வெச்சீங்க?" என்றாள் நாத்தனார்.

அந்தப் பேச்சு என்னைக் குடைந்தது. ஒரு சனிக்கிழமை, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் ஏறி அரியலூர் போய், கிளப் செக்ரட்டரியைப் பார்த்தேன். வேலை என்றால் வேலையாக இருக்க வேண்டும், பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், கையெழுத்துப் போட்ட உத்தரவு வேண்டும் என்றேன்.

"எதுக்கு டீச்சரம்மா அதெல்லாம்? பையன் இஷ்டத்துக்கு வந்து ஆடட்டுமே" என்றார் அவர்.

நான் விடவில்லை. உத்தரவை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அதை நாத்தனாரிடம் காட்டியபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இரண்டு வருஷம் கழித்து அதே கிளப்பில் ஒரு போட்டி ஏற்பாடாயிற்று. திருச்சி, தஞ்சாவூரிலிருந்தெல்லாம் ஆட வந்தார்கள். இவனுக்கும் ஆட ஆசை. அதுவரை அவன் ஒரு ஆட்டம்கூட ஜெயிப்பதற்காக ஆடியதில்லை. பெரியவர்கள் தோற்றுப் போனால் முகம் சுருங்கும் என்று பார்த்துப் பார்த்து ஆடுவது பழக்கமாகிவிட்டிருந்தது.

"பேரை மட்டும் எழுதிக் குடும்மா, போதும். செக்ரட்டரி பாத்துக்கறேன்னுட்டாரு" என்றான்.

பேர் மட்டும் எழுதிக் கொடுத்தால் யார் மதிப்பார்கள்? உத்தியோகத்துக்கு மனுப் போடுவது போலவே எழுதினேன். படிப்பு, அனுபவம், நன்னடத்தைச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலே நியமன உத்தரவின் நகல். அவனிடம் சொல்லாமல் உறையை ஒட்டி நானே தபாலில் போட்டேன். வக்கீல்களும் அதிகாரிகளும் ஆடும் இடத்தில் என் பிள்ளை ஏதோ ஒன்றுமில்லாதவன் என்று நினைத்துவிடக் கூடாதென்று எனக்கு அவ்வளவு பயம்.

போட்டியன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். திருச்சியிலிருந்து வந்திருந்த நடுவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் அனுப்பிய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் மகன் வெள்ளைச் சட்டையோடு எதிரில் நின்றான்.

"சம்பளத்துக்கு ஆடறவங்க இதுல சேரக் கூடாதும்மா. விதி அப்படி" என்றார் என்னிடம்.

"ராஜினாமா குடுத்துட்டா?"

"ஒரு மாசம் வாங்கினாலும் வாங்கினதுதான். மார்க்கர்களுக்குன்னு மெட்ராஸ்ல தனியா ஒரு போட்டி இருக்கு. அங்க வேணா அனுப்புங்க."

செக்ரட்டரி என்னைத் தனியே அழைத்தார். "நானே கண்டும் காணாம சேத்திருப்பேனே டீச்சரம்மா. இப்படித் தாள்ல எழுதி அனுப்பிட்டா நான் என்ன பண்றது?"

என் மகன் அந்த உத்தரவின் நகலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்: "தம்பி, ஆட்டத்துக்கு முன்னாடி கொஞ்சம் கை பழகணும். வா." அவன் போனான். காலையில் அவனே போட்ட கோடுகளுக்குள் நின்று, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பந்து போட்டான். அவர்கள் கை பழகியதும் வெளியே வந்து வேலியோரம் நின்றுகொண்டான். நான் நடுவரிடம் திரும்பவும் போய்க் கெஞ்சினேன். அவர் மரியாதையாகத்தான் மறுத்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மறுவருஷம் மெட்ராஸ் போனான். முதல் ஆட்டத்திலேயே தோற்று மூன்றாம் நாள் திரும்பிவிட்டான். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. "அவங்கல்லாம் பதினஞ்சு வருஷமா இதே தொழில்ல இருக்கறவங்கம்மா" என்றான். இப்போது திருச்சியில் ஒரு கிளப்பில் இருக்கிறான். அதுவும் மார்க்கர் வேலைதான். யாராவது அவனைப் பற்றி விசாரித்தால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

போன மாதம் வந்திருந்தபோது, கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு அரியலூர்ல உன்னை ஆட விட்டிருந்தா ஜெயிச்சிருப்பியாடா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சிரித்தான். "முதல் ஆட்டம் அந்தத் தஞ்சாவூர் வக்கீலோட. இடது பக்கம் போட்டா அவருக்கு எடுக்க வராது. அவரை நிச்சயமா ஜெயிச்சிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எப்படிம்மா சொல்றது? ரெண்டாவது ஆட்டத்தை ஆடினாத்தான தெரியும்."

மோர் ஊற்றச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தபடியே ஊற்றி, இலையைத் தாண்டித் தரையிலும் கொட்டிவிட்டேன்.